கடைசிச் சனிக்கிழமையின் எண்

அத்தியாயம் 9

சென்ற வாரம், பழுப்பு நிற உறையொன்றைக் கையில் பிடித்தபடி பள்ளி வாசலில் நின்ற அடெபிம்பேயை விட்டுப் பிரிந்தோம். அந்த உறையைப் பிரிக்க அவளுக்கு ஒரு நாள் முழுதும் ஆயிற்று. பிரித்த பின் அதை மடித்து வைக்க மனம் துணியவில்லை.

கடிதம் சொன்னது இது. ஒகே-இலாரா தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் நாற்பத்து நால்வர். சொல்வதெழுதுதலில் தேறாதவர்கள் முப்பத்தொருவர். சாலை இரைச்சலே காரணம் என்று ஆசிரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால், அளவை நிறுவனத்தின் அறிக்கைப்படி அந்த வகுப்பறையின் இரைச்சல் நாற்பத்தாறு டெசிபல், வரம்போ ஐம்பது. ஆகவே ஆசிரியை காட்டும் காரணம் ஏற்கத்தக்கதன்று. புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு விசாரணை. குறையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் தொலைதூர இடமாற்றம், மறுத்தால் பதவியிறக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று தேய்ந்த ஒருத்தியின் வாழ்க்கையை ஓர் எண் இரண்டாக முறித்தது. அந்த எண்ணை அளந்தவள் யார்? எங்கிருந்தோ வந்த எதிரியா? இல்லை. அவளுடன் பிறந்த தங்கை இபிரோங்கே. வீட்டில் எல்லோருக்கும் இவள் ரோங்கே, அக்கா பிம்பே.

கடிதம் வந்து மூன்று வாரம் கழிந்து, அந்தப் புதன்கிழமை விடிந்தது.

வாசலில் மூன்று முறை ஹாரன் அலறியது. மைக்ரா டாக்சி ஓட்டும் தம்பி அகின்லாபி வந்துவிட்டான் என்று தெருவுக்கே தெரிந்தது.

"டேய், ஹாரன்லேர்ந்து கையை எடுடா!" சன்னல் வழியே ரோங்கே கத்தினாள். "எதிர்வீட்டுக்காரர் நேத்தே சண்டைக்கு வந்தாரு."

"நான் வந்துட்டேன்னு சொல்ல வேணாமா?"

"கதவுன்னு ஒண்ணு இருக்கு. தட்டலாம்."

"வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு எப்படிக்கா கதவைத் தட்டுறது? படிச்சவ கேக்குற கேள்வியா இது?"

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், மேசைமேல் இருந்த அகரா வடையில் இரண்டை ஒன்றாக எடுத்து வாயில் திணித்தான். பிம்பேயின் தட்டில் கூழ் ஆறி ஆடை படர்ந்திருந்தது. அவள் தொண்டைக்கென்று கசப்புக் கோலாக் கொட்டை ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். விசாரணைக்கென்று நீல நிற ஆடையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள்.

"சாப்பிடுக்கா," என்றாள் ரோங்கே.

"இறங்கல." சிமெண்டுத் தரையில் இரும்புப் பெட்டியை இழுத்தது போன்ற குரல். ஐந்தாண்டுகளுக்கு முன் அதே குரல்தான் தேவாலயப் பாடகர் குழுவின் முதல் வரிசையில் நின்றது. "வண்டியில ஏறு அகின்லாபி. நாங்க வர்றோம்."

அவன் போனதும் ரோங்கே அக்காவின் எதிரே அமர்ந்தாள். நேற்று முழுதும் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கின் நுனியில் நின்றது. 'அக்கா, அந்த எண் பொய்.' நான்கே சொற்கள். வாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்த எண்..."

"அதையே பேசாதே ரோங்கே." பிம்பே கையை உயர்த்தினாள். "லெட்டரைப் பிரிச்சதும் எனக்கு அப்படிக் கோவம் வந்துச்சு. எவனோ ஏசி ரூமுல உக்காந்து வாய்க்கு வந்ததை எழுதிட்டான்னு நெனச்சேன். அப்புறம் ரிப்போர்ட்டோட அடியில பாத்தா உன் பேரு. கோவம் எல்லாம் வடிஞ்சிடுச்சு."

"ஏன்?"

"நீ அளந்தது இல்லையா? சின்ன வயசுல அரிசி அளக்கும்போதே படிக்கு மேல ஒரு மணி நிக்க விடமாட்டே. நீ நாப்பத்தாறுன்னா நாப்பத்தாறுதான்." பிம்பே கொட்டையின் சக்கையைக் கையில் துப்பினாள். "அப்ப குறை எங்க இருக்கு? என்கிட்ட. சத்தம் இல்லாத ரூமுல நின்னுக்கிட்டு, சத்தம்னு சொல்லி நானே என்னை ஏமாத்தியிருக்கேன். எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியல ரோங்கே. அவ்வளவுதான்."

அக்காவின் கோபத்தைத் தாங்க ரோங்கே ஆயத்தமாக வந்திருந்தாள். அக்காவின் நம்பிக்கையைத் தாங்க அவளிடம் எந்த ஆயத்தமும் இல்லை. வாசலில் மீண்டும் ஹாரன். பிம்பே பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான்கு சொற்களும் நாக்கிலேயே தங்கிவிட்டன.

பின்னிருக்கையில் அமர்ந்து, இரைச்சலை அளக்கும் ஒலிமானியின் பையை மடியில் அணைத்தபடி, அந்தச் சனிக்கிழமையை நூறாவது முறையாக ரோங்கே நினைத்துப் பார்த்தாள்.

இபாதான் நகரில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மற்ற நாட்களைப் போன்றதன்று. காலை ஏழு முதல் பத்து வரை துப்புரவு நேரம். அவரவர் வாசலையும் அவரவர் சாக்கடையையும் அவரவரே சுத்தம் செய்ய வேண்டும். தெருவில் ஒரு சக்கரம் உருளக் கூடாது. உருண்டால் காவலர் பிடிப்பர். மற்ற நேரமெல்லாம் குமுறிக் கொந்தளிக்கும் நகரம் அந்த மூன்று மணி நேரம் வாய்பொத்தி நிற்கும்.

அளவை நிறுவனத்தின் கையேடோ, காலியான வகுப்பறையில் அளக்கச் சொல்கிறது. பிள்ளைகளின் கூச்சல் கணக்கில் சேரக் கூடாதாம். எனவே சனிக்கிழமை. நிறுவனத்தில் இருந்தது ஒரே ஒலிமானி. அதுவும் திங்களன்று ஆண்டுச் சோதனைக்கு லாகோசுக்குப் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருந்தால் அறிக்கை ஒரு மாதம் தள்ளிப் போகும். துப்புரவு நேரத்தில் வண்டி ஓட்ட நிறுவனத்திடம் அனுமதிச் சீட்டு இருந்தது. அவளுக்கு அவசரமும் இருந்தது. அன்று பகல் அகின்லாபியின் கைக்குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழா. குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே ஊதா நிறத்தில் ஆடை. அவளுக்கான மேற்சட்டையைத் தன் கையால் தைத்து வைத்துவிட்டு, "எங்கடீ இருக்கே? தலைத்துணி கட்டவே ஒரு மணி நேரம் ஆகும்," என்று காலையிலிருந்து தொலைபேசியில் துரத்தியவள் பிம்பே.

ஏழு நாற்பதுக்கு வெறிச்சோடிய பள்ளியில் முக்காலியை நிறுத்தினாள். எட்டரைக்கு எடுத்தாள். ஒலிமானி பழுதில்லை. எண் பிழையில்லை. எதிரே கிடந்த சாலையில் ஓர் ஆடு மட்டும் நடந்து போனதை அவள் கண்ணால் கண்டாள். கண்டும் எழுதினாள்.

அறியாமல் செய்தது அந்தக் காலையோடு முடிந்தது. அறிந்து செய்தது மறுவாரம் தொடங்கியது. அறிக்கையில் நாள் குறிக்கும் கட்டம் வந்தபோது பேனா நின்றது. தேதியை எழுதினால் இந்த ஊரில் பிறந்த எவனும் ஒரே பார்வையில் சிரித்துவிடுவான். 'சனிக்கிழமை காலை, களத்தாள் 17 காண்க' என்று எழுதினாள். அளந்த இடத்திலேயே குறிப்பெழுதிய அந்தக் களத்தாள் அவளுடைய அலமாரியில் இருந்தது. எவரும் கேட்கவில்லை. எண்ணைப் பார்ப்பவர் நாளைப் பார்ப்பதில்லை. நாட்டில் பாதி அநீதி அந்தச் சோம்பலில்தான் சுகமாகத் தூங்குகிறது.

"இலாரா சந்திப்பு! சந்திப்பு! ஒரு சீட்டு!" பயணியை ஏற்றிக்கொள்ளலாம் என்ற நப்பாசையில் அகின்லாபி வண்டியை மெதுவாக்கி ஹாரனை அழுத்தினான்.

"இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா வாடா," என்றாள் பிம்பே.

"சும்மா வந்தா பெட்ரோலும் சும்மா வருமா? உன் ஸ்கூல் வாசல்தாங்க்கா நமக்கு நல்ல ராசி. அங்க நின்னு நாலு ஹாரன் அடிச்சா வண்டி ரொம்பிடும்."

ரோங்கே கண்ணாடியில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நிம்மதியான முகம்! தன் குற்றம் இன்னதென்று அறியாதவன் பேறு பெற்றவன்.

விசாரணைக்கு முன் முதல் பாடவேளையை விட்டுவிட பிம்பே ஒப்பவில்லை. "கடைசிப் பாடமா இருந்தாலும் பாடம் பாடம்தான்," என்று வகுப்பறைக்குள் நுழைந்தாள். ரோங்கே பின்வரிசையில், முழங்கால் மேசையில் இடிக்க, குழந்தைகளின் நாற்காலியில் ஒடுங்கி அமர்ந்தாள்.

"காலை வணக்கம் டீச்சர்!" நாற்பத்து நான்கு குரல்கள்.

"உக்காருங்க. சொல்வதெழுதுதல். பென்சில் எடுங்க."

கண்ணாடிப் பட்டைச் சன்னல்களுக்கு அப்பால், கல்லெறி தூரம்கூட இல்லை, சாலை. மைக்ராக்கள், மஞ்சள் பேருந்துகள், மோட்டார் சைக்கிள்கள். சந்திப்பின் மேட்டில் கியர் மாற்றி உறுமும் டேங்கர் லாரிகள்.

"ஆற்றங்கரையில்..." பிம்பே கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். "ஆற்றங்கரையில் ஒரு விவசாயி..."

லாரி ஒன்று மேடேறியது. அப்போது ரோங்கே ஒரு காட்சியைக் கண்டாள். யாரும் கட்டளையிடவில்லை. நாற்பத்து நான்கு பென்சில்களும் ஒரே நேரத்தில் தாளை விட்டு எழுந்து, அந்தரத்தில் நின்றன. லாரி போயிற்று. பென்சில்கள் இறங்கின. மறுபடி ஒரு பேருந்து. மறுபடி பென்சில்கள் எழுந்தன.

பக்கத்தில் இருந்த சிறுமியிடம் குனிந்து கேட்டாள். "ஏம்மா பென்சிலைத் தூக்குறீங்க?"

"கேக்கலேன்னா தூக்கணும். டீச்சர் பாத்துட்டு மறுபடி சொல்லுவாங்க." சிறுமி வாயருகே கை குவித்து ரகசியம் போலச் சொன்னாள். "ஆனா ரொம்ப வாட்டி தூக்குனா டீச்சருக்கு இருமல் வரும். அதனால நாங்க பின்பெஞ்சு கொஞ்சமாத்தான் தூக்குவோம்."

"அப்ப கேக்காததை?"

"விட்டுடுவோம்."

சிறுமியின் நோட்டைப் பார்த்தாள். சொற்கள் இருந்தன, சொற்களுக்கிடையே வெள்ளைப் பள்ளங்கள் இருந்தன. ஆற்றங்கரையில். பள்ளம். விதைத்தான். பள்ளம். பள்ளம். மழை. ஒவ்வொரு பள்ளமும் ஒரு லாரியின் நீளம். ஆசிரியையின் தொண்டையைக் காப்பாற்ற எட்டு வயதுக் குழந்தைகள் தங்கள் தேர்வைத் தாங்களே பலி கொடுக்கிறார்கள்! சட்டம் அவர்களைத் தேறாதவர்கள் என்கிறது.

ரோங்கே மேசைக்கு அடியில் பையைத் திறந்து ஒலிமானியை உயிர்ப்பித்தாள். எழுபத்து நான்கு. எழுபத்தாறு. லாரி வந்தபோது எண்பத்து மூன்று. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரு மடங்காகத் தோன்றும் என்று பயிற்சி வகுப்புகளில் அவளே பாடம் எடுத்திருக்கிறாள். நாற்பத்தாறிலிருந்து எழுபத்தாறு. இரண்டு, நான்கு, எட்டு. அக்கா எட்டு மடங்குச் சத்தத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறாள், தன் தங்கை கையெழுத்திட்ட அமைதியில்.

சட்டென்று எண் தொண்ணூற்றொன்றுக்குத் தாவியது. பென்சில்கள் எல்லாம் எழுந்தன. ரோங்கே எட்டிப் பார்த்தாள். பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மைக்ரா. ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே கை நீட்டி, "சந்திப்பு! ஒரு சீட்டு!" என்று கூவினான், மறு கை ஹாரனில் இருந்தது.

அகின்லாபி.

பிம்பேயும் பார்த்தாள். ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து, உடைந்த குரலில், "ஆற்றங்கரையில் ஒரு விவசாயி," என்று மூன்றாம் முறையாகத் தொடங்கினாள்.

பத்தே முக்கால் மணிக்கு, தாழ்வாரத்தின் கோடியில் நின்று, ரோங்கே தன் நிறுவனத் தலைவர் டாக்டர் அலாரேயைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், ஒகே-இலாரா எண் தப்பு."

"மீட்டர் கோளாறா?"

"மீட்டர் சரி சார். நாள்தான் தப்பு. அது மாசக் கடைசி சனிக்கிழமை. துப்புரவு நேரம்."

மறுமுனையில் நாற்காலி முனகியது. "கையேடு என்ன கேக்குது? காலி வகுப்பறை. காலியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மழை, காத்து?"

"இல்ல."

"அப்புறம் என்ன தப்பு?"

"தெருவும் காலியா இருந்துச்சு சார்."

"தெரு காலியா இருக்கக் கூடாதுன்னு கையேட்டுல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? சொல்லு, படிக்கிறேன்."

கையேடு எழுதியவர்களின் ஊரில் கடைசிச் சனிக்கிழமை கிடையாது. ஆனால் அவள் இந்த ஊர்க்காரி, அவளுக்குத் தெரியாதா?

அலாரேயின் குரல் தணிந்தது. "அது உன் அக்கா வேலை பாக்குற ஸ்கூல்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அனுதாபப்படுறேன். ஆனா ஒண்ணு யோசி ரோங்கே. அன்னைக்குக் காலையில நீ ரெண்டு ஸ்கூலை அளந்தே. ஒரு செங்கல்லை உருவுனா இன்னொண்ணும் விழும். விழுந்தா நம்ம ஆறு பேருக்கும் வேலை இல்ல. போனை வெச்சிடு. வாயையும்."

தொடர்பு அறுந்தது.

தலைமையாசிரியையின் அறையில் விசாரணை. கல்வி அலுவலர் ஒயெவோலே, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாள்களைப் புரட்டினார். கொடியவர் அல்லர்; களைத்தவர். தலைமையாசிரியை பக்கத்தில் அமர்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். பிம்பே நேராக அமர்ந்தாள். ரோங்கே சுவரோரம்.

"உங்க பணிக்காலம் எவ்வளவு?" என்றார் ஒயெவோலே.

"இருபத்திரண்டு வருஷம்."

"என்ன?"

"இருபத்திரண்டு."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மேடம். ஒண்ணும் காதுல விழல." அவர் தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினார். "அந்த சன்னலைச் சாத்துங்களேன்."

சன்னல் சாத்தப்பட்டது. மின்சாரம் இல்லாததால் விசிறி சுழலவில்லை. மூன்று நிமிடங்களில் நால்வர் நெற்றியிலும் வியர்வை. "சரி, திறந்துடுங்க," என்றார் அலுவலர். திறந்ததும் ஒரு லாரி. "என்ன சொன்னீங்க?" என்று அவர் மறுபடி காதருகே கையைக் குவித்தார்.

இரைச்சலே இல்லை என்று தீர்ப்பெழுத வந்த அறையில் நடந்தது இது! அங்கிருந்த ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அறிக்கையின் எண் அவ்வளவு ஆழமாக அவர்கள் மூளையில் குடியேறிவிட்டது. செவி சொல்வதைவிடத் தாள் சொல்வது பெரிதென்று நம்பப் பழகிய மக்கள் நாம்.

ஒயெவோலே தாளைப் படித்தார். "நாப்பத்தாறு டெசிபல். சனிக்கிழமை காலை, ஏழு நாப்பதிலேர்ந்து எட்டரை வரை. காலி வகுப்பறை. வரம்புக்குள்ள இருக்கு. இதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா மேடம்? இருந்தா இப்பவே சொல்லணும்."

"இல்லங்கய்யா." பிம்பேயின் குரல் கரகரத்தது. "அளந்தது என் கூடப்பிறந்த தங்கச்சி. அதோ உக்காந்திருக்கா. அவ தப்பா அளக்க மாட்டா. சத்தம்னு நான் எழுதிக் குடுத்தது என் குறையை மறைக்கத்தான் போல. பிள்ளைங்க மேல தப்பில்ல. அவங்க நோட்டுல 'தேறல'ன்னு எழுதிடாதீங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

பையைத் திறந்தாள். தன் சொந்தப் பேனாவை எடுத்தாள். பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் சிவப்புப் பேனா. அதைப் பார்த்து, திரும்ப உள்ளே போட்டுவிட்டு, நீலப் பேனாவைத் தேடி எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். தாளின் அடியில் முனையை வைத்தாள்.

"போடாதேக்கா."

ரோங்கே எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"உக்காரு ரோங்கே," என்றாள் பிம்பே, திரும்பிப் பாராமல். "எனக்காகப் பேச வேணாம்."

"உனக்காகப் பேசல. என்னைப் பத்திப் பேசுறேன்." அலுவலரை நோக்கினாள். "அய்யா, அந்த ரிப்போர்ட்டுல தேதி இருக்கா பாருங்க."

ஒயெவோலே கண்ணாடியை இறக்கினார். "களத்தாள் பதினேழுன்னு போட்டிருக்கு."

"களத்தாள் என் அலமாரியில இருக்கு. வேணும்னே அங்க வெச்சேன். அது மாசத்தோட கடைசி சனிக்கிழமை."

வேறெந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தலைமையாசிரியையின் பேனா குறிப்பேட்டின்மேல் உருண்டு விழுந்தது. ஒயெவோலே நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.

"ஏழு நாப்பதுக்கு," என்றார்.

"ஆமாங்கய்யா."

"அப்ப ரோட்டுல என்ன ஓடிச்சு?"

"ஒரு ஆடு நடந்து போச்சுங்கய்யா."

அவர் உதடு ஒரு கணம் துடித்தது. சிரிப்பாக மாறுமுன் அதை அடக்கிக்கொண்டார். "நாப்பத்தாறு டெசிபல் ஆட்டுக்கே கொஞ்சம் ஜாஸ்திதான்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு அவர் முகம் இறுகியது. "தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"அளக்கும்போது அவசரம். எழுதும்போது தெரிஞ்சேதான்." அவள் பையிலிருந்து ஒலிமானியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இன்னைக்கு முதல் பீரியட்ல அந்த வகுப்புல அளந்தேன். எழுபத்தாறு. பிள்ளைங்க இருக்கிற வகுப்பு, அதனால கையேட்டுப்படி செல்லாது. காலி ரூம்ல, ரோட்டுல வண்டி ஓடுறப்ப மறுபடி அளக்கணும். வேற ஆள் அளக்கட்டும். நான் வேணாம். இப்ப நம்ம உக்காந்திருக்கிற ரூமை மட்டும் பாருங்க."

ஒலிமானியில் எழுபத்தொன்று என்று எரிந்துகொண்டிருந்தது.

பிம்பே அந்த எண்ணைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

"அகின்லாபி பிள்ளைக்குப் பேர் வெச்ச சனிக்கிழமையா?"

"ஆமாக்கா."

"வேலை இருந்துச்சு, அதான் லேட்டுன்னு சொன்னியே. அதுதான் அந்த வேலையா?"

"ஆமாக்கா."

"நான் போன் பண்ணிக்கிட்டே இருந்தேனே." பிம்பேயின் விரல்கள் கழற்றிய பேனா மூடியை உருட்டின. "தலைத்துணி கட்டணும், வா வான்னு நான்தான்..."

"உன்மேல எதையும் போட்டுக்காதேக்கா. இதையாவது என்கிட்ட விட்டுடு."

"லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு ரோங்கே." குரல் எழவில்லை, காற்று மட்டுமே வந்தது. "மூணு வாரமா நான் கண்ணாடி முன்னாடி நின்னு என்னை நானே திட்டிக்கிட்டிருந்தேன். நீ தினமும் சாயங்காலம் வந்து என்கூட உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனே."

சாப்பிட்டதும் உண்மை; உப்பு போதவில்லை என்று குறை சொன்னதும் உண்மை.

ஒயெவோலே தொண்டையைச் செருமினார். "மேடம், உங்க மேல இருக்கிற குற்றச்சாட்டை நிறுத்தி வெக்கிறேன். புது அளவு வர்ற வரைக்கும் நீங்க இந்த ஸ்கூல்லதான். பிள்ளைங்க மதிப்பெண்ணும் நிறுத்தி வெக்கப்படும்." கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு, பிம்பேயின் தோளில் கை வைத்தார். பிம்பே அசையவில்லை.

ஆனால் அலுவலர் இன்னும் அறிக்கையை மூடவில்லை. விரலை ஒரு வரியில் வைத்தபடி ரோங்கேயை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டரைக்கு இங்க முடிச்சிருக்கீங்க. தடை பத்து மணி வரைக்கும். அந்த ஒண்ணரை மணி நேரம் மீட்டர் சும்மா இருந்துச்சா?"

இதைத்தான் அவள் அஞ்சினாள். 'ஒரு செங்கல்லை உருவுனா' என்ற குரல் காதில் ஒலித்தது. ஆறு பேரின் வேலை. அவர்களுள் ஒருத்திக்குப் போன மாதம்தான் பிரசவம். இப்போது 'ஆமாம்' என்று சொல்லிவிடலாம், அக்கா தப்பித்துவிட்டாள். மற்றது எவருக்கும் தெரியப்போவதில்லை.

"அபெரே பள்ளிக்கூடம்," என்றாள். "ஒம்பது அஞ்சிலேர்ந்து ஒம்பது அம்பது வரை. நாப்பத்து நாலு."

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். ஒயெவோலே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த நாப்பத்து நாலை வெச்சுத்தான்," என்றார் மெல்ல, "அந்தப் பள்ளிக்கூட மதில் ஓரமா லாரி நிறுத்தம் திறக்க அனுமதி குடுத்திருக்காங்க. இவ்வளவு அமைதியான இடத்துல இன்னும் கொஞ்சம் சத்தம் வந்தா என்னன்னு. திங்கக்கிழமை திறப்பு விழா. எழுநூறு பிள்ளைங்க."

சாலையில் ஒரு டேங்கர் மேடேறியது. யாரும் 'என்ன' என்று கேட்கவில்லை.

அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையின் குறுக்கே தள்ளினார். "வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுத்துல வேணும். எழுதுனா உங்க வேலை போகும், மேல நடவடிக்கையும் வரும். அதை மறைச்சு உங்களை எழுதச் சொல்ல மாட்டேன்."

ரோங்கே தாளின் முன் அமர்ந்தாள். பையைத் துழாவினாள். முக்காலியின் திருகு, மின்கலம், காற்றைத் தடுக்கும் பஞ்சு உருண்டை. பேனா மட்டும் அகப்படவில்லை.

அப்போது அவள் முன்னே ஒரு கை நீண்டது. நீலப் பேனா. சற்றுமுன் தன் பணிவாழ்வை முடித்துக்கொள்ள பிம்பே திறந்த அதே பேனா. மூடி இன்னும் மறு கையில் இருந்தது.

ரோங்கே ஏறிட்டுப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் மன்னிப்பு இல்லை. கரும்பலகையின் முன் நிற்கும்போது இருக்கும் அதே முகம்.

"எழுது," என்றாள் பிம்பே, கரகரத்த குரலில். "இந்தத் தடவை தேதியை முதல்ல எழுது."

ரோங்கே குனிந்தாள். மேசையின் ஓரத்தில் அவளுடைய தொலைபேசி அதிரத் தொடங்கியது. திரையில் அலாரேயின் பெயர். ஒரு முறை அடங்கி, மறுபடி அதிர்ந்தது. வாசலில் அக்காக்களை அழைத்துப் போக வந்துவிட்ட தம்பியின் ஹாரன், மூன்று முறை.

ஒலிமானியில் எண் எண்பதைத் தாண்டியது. ரோங்கேயின் பேனா தாளை விட்டு எழுந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. இரைச்சல் அடங்கியதும் இறங்கி, அந்தக் கடைசிச் சனிக்கிழமையின் தேதியை எழுதியது.